தண்டம் கட்டியாச்சு. குடி நின்னுச்சா?

எங்க பெரியப்பாவை பொலிஸ் பிடிச்சது ஒரு சம்பள நாள் ராத்திரி. டவுன் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல வெறியில யாரோடயோ சண்டை. அடுத்த நாள் கோர்ட். நீதவானுக்கு முன்னால அவர் நின்னது மூணு நிமிஷம் இருக்கும். சிங்களத்தில் ஏதோ கேட்டாங்க, இவர் தலையாட்டினார், குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பதிவாகியது. தண்டம் போட்டாங்க. பெரியம்மாவோட தோடு அடகுக்குப் போச்சு.

வீட்டுக்கு வந்தவர் வெட்கத்துல யார் முகத்தையும் பார்க்கல. மாரியம்மன் கோயில்ல சத்தியம் பண்ணி, கையில கயிறு கட்டிக்கிட்டார். இருபது வருசமா ஒரு நாள் விடாம குடிச்ச மனுசன் அன்னைக்கே முழுசா நிறுத்தினார். முதல் நாள் கை நடுங்குச்சு. ரெண்டாம் நாள் தூக்கமில்ல. மூணாம் நாள் ராத்திரி லயத்துச் சுவர் பூரா பூச்சி ஊருதுன்னு கத்தினார். செத்துப்போன தம்பியைக் கூப்பிட்டுப் பேசினார். காத்து கருப்பு பிடிச்சிருச்சுன்னு பெரியம்மா பூசாரியைக் கூட்டிட்டு வந்தா. வேப்பிலை அடிச்சுக்கிட்டு இருக்கும்போதே வலிப்பு வந்துச்சு. கொழுந்து லொறியில போட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

"குடியைத் திடீர்னு விட்டதால வந்தது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா ஆள் மிஞ்சியிருக்க மாட்டார்" என்றார் டொக்டர்.

பல வருசமா தினமும் நிறையக் குடிக்கிற உடம்பு சாராயத்துக்குப் பழகிப்போகிறது. அதை சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் மூளை குழம்பி, இல்லாதது எல்லாம் கண்ணுக்குத் தெரியலாம். மருந்து இல்லாவிட்டால் உயிரும் போகலாம். மருத்துவம் படித்தவர்களுக்கு இது பாலபாடம். ஆனால் பொலிஸ், நீதிமன்றம், கோயில், லயம் என்று பெரியப்பா போன நாலு இடத்திலும் இதை அவரிடம் சொல்ல ஒருத்தர் இல்லை. எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "குடிக்காதே."

இந்தக் கட்டுரை அந்த "குடிக்காதே"யைப் பற்றியது.

எட்டாம் இலக்கமும் ஒன்பதாம் இலக்கமும்

இந்த நாட்டில் மது விற்பனையை இன்றைக்கும் ஆள்வது 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம். யார் காய்ச்சலாம், யார் விற்கலாம், அரசாங்கத்துக்கு எவ்வளவு வரி என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அதே வருசம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த 9ஆம் இலக்கச் சட்டம் தோட்டங்களின் வைத்தியத் தேவைகளைப் பற்றியது. தோட்டத்து ஆளுக்கு மருந்து, டிஸ்பென்சரி, ஆஸ்பத்திரி எல்லாம் அந்தச் சட்டத்தின் பிள்ளைகள்.

அடுத்தடுத்த இலக்கம் கொண்ட இரண்டு சட்டங்கள். நூறு வருசம் கழித்துப் பாருங்கள். எட்டாம் இலக்கம் வளர்ந்து ஒரு பெரிய திணைக்களமாக நிற்கிறது. 2024இல் மதுவரித் திணைக்களம் திரட்டிய வருமானம் 200 பில்லியன் ரூபாவைத் தாண்டியது. அதே வருசம் மட்டும் நாடு முழுக்க 361 மதுபான அனுமதிப்பத்திரங்கள் கொடுக்கப்பட்ட விவரம் டிசெம்பரில் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்டது. ஒன்பதாம் இலக்கத்தின் கதை என்ன? அரசாங்கம் பொறுப்பேற்கும் என்று பல தடவை சொல்லியும், தோட்டத்து டிஸ்பென்சரிகள் பல இன்னும் கம்பெனிக்கும் சுகாதார அமைச்சுக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. டொக்டர் கிடையாது. ஒரு வைத்திய உதவியாளர், பனடோல், பிரசவத்துக்கு டவுனுக்குப் போக ஒரு துண்டு. அவ்வளவுதான்.

குடியை விற்க அரசாங்கத்துக்கு மலை உச்சி வரை வழி தெரிகிறது. குடியிலிருந்து ஒருத்தரை மீட்க மட்டும் வழி தெரியவில்லை.

சட்டத்தில் இருக்கிறது, கையில் இல்லை

"நீதிமன்றம் என்ன செய்ய முடியும், சட்டம் அப்படி" என்று சொல்பவர்களுக்கு ஒரு தகவல். 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. சின்னக் குற்றங்களுக்கு ஆளைச் சிறைக்கு அனுப்பாமல், ஊரிலேயே வைத்துத் திருத்த நீதவானுக்கு அதிகாரம் தருகிறது. அந்தக் கட்டளையோடு நிபந்தனை விதிக்கலாம். சம்பளமில்லாத பொதுவேலை அதில் ஒன்று. மதுவுக்கும் போதைப்பொருளுக்கும் அடிமையானவரைச் சிகிச்சைக்குப் போகச் சொல்வதும், பயிற்சிக்கும் ஆலோசனைக்கும் அனுப்புவதும் அதில் அடங்கும். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்திலும் உளவளத்துணைக்குப் போகுமாறு நீதிமன்றம் கட்டளையிட இடமிருக்கிறது.

ஆக, சட்டம் இருக்கிறது. ஆனால் நம்ம பக்கத்தில் சமுதாயக் கட்டளை என்றால் கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் சிரமதானம். விளக்குமாறும் மண்வெட்டியும். அந்தத் திணைக்களத்து அதிகாரிகளைக் குறை சொல்லி லாபமில்லை. சிகிச்சைக்கு அனுப்ப ஒரு இடம் பக்கத்தில் இருந்தால்தானே அனுப்புவார்கள்?

2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் போதைக்கு அடிமையானவர்களின் சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்கும் என்றே வந்தது. ஆனால் அது ஹெரோயின் போன்ற அபாயகர ஔடதங்களுக்கானது. சாராயம் அதில் சேராது. பெரியப்பாவைக் கொல்லப் பார்த்தது சட்டப்படி விற்கப்படுகிற, வரி கட்டப்பட்ட பொருள். அதனால் அவருக்கு மிஞ்சியது தண்டம் மட்டும்.

தண்டம் யாரைத் தண்டிக்கிறது? வெறியில் வாகனம் ஓட்டினால் 25,000 ரூபாவுக்குக் குறையாத தண்டம், லைசன்சும் போகும். உயிர் காக்கிற சட்டம், அது வேணும். ஆனால் அந்த திரீவீல் தம்பி தண்டம் கட்ட வட்டிக்கு வாங்குகிறான், வட்டி கட்ட ராத்திரியும் ஓடுகிறான், அலுப்புக்கு மறுபடியும் குடிக்கிறான். தோட்டத்தில் 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானி வந்தது. அந்தக் காசுக்கு ஒரு முழுப் போத்தல் சாராயம் வராது. அதனால் கசிப்பு. கசிப்போடு பிடிபட்டால் தண்டம். தண்டத்துக்கு அடகு. கட்ட முடியாதவர் உள்ளே. நம்ம நாட்டில் தண்டனை பெற்றுச் சிறைக்குப் போகிறவர்களில் பாதிக்கு மேல் தண்டப்பணம் கட்ட முடியாமல் போகிறவர்கள். சிறையிலிருந்து வெளியே வருகிறவரின் குடி அப்படியே இருக்கும். பேர் மட்டும் கெட்டுப்போயிருக்கும்.

இதில் அடிபடுவது யார் தோடு என்று பாருங்கள். குடித்தது பெரியப்பா. தண்டம் கட்டியது பெரியம்மா. கொழுந்து பறித்த காசு எட்டாம் இலக்கத்துக்கு ஒரு தடவை வரியாகப் போனது, இன்னொரு தடவை தண்டமாகப் போனது.

வகுப்பு வைத்தால் போதுமா?

"தண்டத்துக்குப் பதிலா வகுப்பு வைக்கலாமே" என்று நம்ம ஆட்களே கேட்பதுண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் முதல் தடவை வெறியில் வாகனம் ஓட்டிப் பிடிபட்டால் பொதுவாக மூன்று மாத வகுப்புக்குப் போகச் சொல்கிறார்கள். போகாவிட்டால் லைசன்ஸ் திரும்பக் கிடைக்காது. சிறையைவிட இது நல்லது. ஆனால் வகுப்பு என்றாலே மருந்து என்று நினைத்துவிடக் கூடாது.

மில்லர், வில்போர்ன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2002இல் ஒரு வேலை செய்தார்கள். குடிப்பழக்கத்துக்கான சிகிச்சைகள் பற்றி உலகத்தில் நடந்த முன்னூறுக்கு மேற்பட்ட பரிசோதனைகளை ஒன்றாகப் போட்டு, எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று வரிசைப்படுத்தினார்கள். மேலே வந்தது ஒரு தாதியோ டொக்டரோ பத்துப் பதினைந்து நிமிஷம் உட்கார்ந்து, திட்டாமல், ஆளோடு பேசுகிற சின்ன ஆலோசனை. சில மருந்துகளும் மேலே வந்தன. ஆகக் கீழே கிடந்தது எது தெரியுமா? சொற்பொழிவும் படக்காட்சியும்.

நம்ம தோட்டங்களில் நடப்பது அந்தக் கீழே கிடந்ததுதான். வாசகசாலையில் ஒரு பெனர். அழுகிய ஈரலின் படம். டவுனிலிருந்து வந்த ஒருத்தர் ஒரு மணித்தியாலம் பேசுவார். "தோட்டத்து மக்கள் குடியை விட்டால்தான் முன்னேறலாம்" என்பார். பிறகு மைலோ பக்கற், பற்றிஸ், குறூப் போட்டோ. குடிக்கிறவர் அந்தக் கூட்டத்துக்கு வருவதே இல்லை. வருவது அவருடைய மனைவியும் பிள்ளைகளும். அவர்களுக்கு ஈரல் படத்தைவிட அதிகம் தெரியும்.

கூட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் சாராயக் கம்பெனிகளின் தந்திரத்தைப் பற்றிப் பேசுவது அவசியம். 2006இல் வந்த 27ஆம் இலக்கச் சட்டம் மது விளம்பரத்தைத் தடுத்ததும், 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக் கூடாது என்றதும் நல்ல காரியம். ஆனால் இருபது வருசம் குடித்த உடம்புக்கு பெனர் காட்டுவது, காச்சல்காரனுக்கு நுளம்பின் படத்தைக் காட்டி அனுப்புவது மாதிரி.

வீட்டிலிருந்தே வைத்தியம்

சிகிச்சை என்றால் ஆளை எங்கேயோ கொண்டுபோய் அடைத்து வைப்பது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அந்தப் பயத்துக்குக் காரணமும் உண்டு. கந்தக்காடு முகாமில் 2022 ஜூனில் ஒருவர் இறந்து, நூற்றுக்கணக்கானோர் தப்பி ஓடியதை நாடே பார்த்தது. அங்கே இருந்தவர்கள் போதைப்பொருள் பாவனைக்காகப் பிடிபட்டவர்கள். முள்வேலிக்குள் இராணுவம் நின்று தருகிற "புனர்வாழ்வு" எந்த நோயாளிக்கும் வேண்டாம்.

பெரும்பாலான குடிநோயாளிகளுக்கு அடைத்து வைப்பது தேவையுமில்லை. முதலில், உலக சுகாதார நிறுவனம் தயாரித்த பத்துக் கேள்வி இருக்கிறது. எவ்வளவு குடிக்கிறார், காலையில் எழும்பியதும் வேணுமா, குடித்ததால் யாருக்காவது காயம் பட்டதா என்று கேட்டு, புள்ளி போட்டு, ஆள் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்று பார்க்கலாம். இதற்கு டொக்டர் தேவையில்லை. தோட்டத்து வைத்திய உதவியாளருக்குப் பயிற்சி கொடுத்தால் போதும். ஆரம்பக் கட்டத்தில் இருப்பவருக்கு அந்தப் பதினைந்து நிமிஷப் பேச்சு. உடம்பு பழகிப்போனவருக்கு, ஒரு வாரம் போல டயசிபாம் வகை மருந்தை டொக்டரின் கண்காணிப்பில் படிப்படியாகக் குறைத்துக் கொடுப்பது, கூடவே தயமின் என்கிற விற்றமின் பி1. முன்னே வலிப்பு வந்தவருக்கும் கடுமையாகக் குடித்தவருக்கும் மட்டும் வார்டு. அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை: மாதக் கணக்கில் கிளினிக், ஆசையைக் குறைக்கிற நல்ற்ரெக்ஸோன் போன்ற மருந்து, பேச ஒரு உளவளத்துணையாளர், வீட்டாரோடும் ஒரு பேச்சு.

இதெல்லாம் எங்கே கிடைக்கிறது? தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் சிகிச்சை நிலையங்கள் தலங்கம, நிட்டம்புவ, காலி, கண்டி. சுமித்ரயோவின் மெல் மெதுர வந்து போகிறவர்களுக்கு அருமையான சேவை செய்கிறது, ஆனால் அது இருப்பது கொழும்பில். பதுளையிலிருந்து கொழும்பு 200 கிலோமீற்றருக்கு மேல். நம்ம மாகாணத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரிகளின் மனநலப் பிரிவும், மாவட்ட வைத்தியசாலைகளில் கிழமைக்கு ஒரு தடவை நடக்கிற கிளினிக்கும்தான். அங்கே வேலை செய்கிற டொக்டர்மாரும் தாதிமாரும் தங்களால் முடிந்ததைச் செய்கிறார்கள். ஆனால் நீளமான வரிசை, ஆளுக்கு ஐந்து நிமிஷம்.

பெரியப்பாவுக்கும் ஒரு கிளினிக் டிக்கட் எழுதிக் கொடுத்தாங்க. கிழமை நாள். மேல் டிவிஷனிலிருந்து காலையில் ஒரு பஸ். அதைப் பிடிக்க இருட்டில் இறங்கணும், திரும்பி வர மத்தியானம் தாண்டும். அன்றைய பேர் விழாது, நாட்சம்பளம் இல்லை. துணைக்குப் போகிற பெரியம்மாவுக்கும் இல்லை. உள்ளே போனால் கேள்வி சிங்களத்தில். "நித்திரை வருதா?" என்பதற்குப் பதில் சொல்லலாம். "தம்பி செத்ததிலிருந்துதான் இப்படிக் குடிக்கிறேன்" என்பதை அரைகுறைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வது? இரண்டு தடவை போனார். மூன்றாம் தடவை போகவில்லை. "தவற விட்டவர்" என்று அவருடைய கொப்பியில் எழுதியிருப்பார்கள்.

பதுளை மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தமிழர். பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டவை. பிறப்புச் சான்றிதழுக்கு இரண்டு மொழி வேணும் என்றால், மனசைத் திறந்து பேசுகிற வைத்தியத்துக்கு எத்தனை மொழி வேணும்?

நமக்கு நாமே சொல்லிக்கொள்கிற பொய்கள்

முதல் பொய்: "தோட்டத்தான்னா குடிகாரன்." டவுனில் சொல்கிறார்கள், நம்ம ஆசிரியர்மார் சிலரும் சொல்கிறார்கள். கொழும்புக் கிளப்பில் விஸ்கி குடிக்கிறவரை யாரும் இனத்தின் பேரால் கூப்பிடுவதில்லை. அவர் குடித்துவிட்டு வீட்டுக்குள் விழுகிறார். நம்ம ஆளுக்கு விழ ஒரு அறைகூட இல்லை, லயத்துக் காம்பராவில் பத்துக் குடும்பத்துக்கு முன்னால் விழுகிறார். தெரிகிற குடி நம்முடையது என்பதால் எல்லாக் குடியும் நம்முடையதாகிவிடாது.

இரண்டாவது பொய் நேரெதிர்: "பாவம், மழை, குளிர், அட்டை, கஷ்டம். குடிக்காம என்ன செய்வான்?" இதையும் நான் ஏற்கவில்லை. அதே மழையில், அதே அட்டைக் கடியில் கொழுந்து பறித்துவிட்டு வருகிறவள் பெரியம்மா. அவள் குடிப்பதில்லை, அடி வாங்குகிறாள். குடி ஒரு நோய் என்று சொல்வது அடிக்கு மன்னிப்பு வாங்கிக் கொடுக்க இல்லை. அடித்தவர் அதற்குப் பதில் சொல்லத்தான் வேணும். அவரைச் சிகிச்சைக்கு அனுப்புகிற அதே கட்டளை அவளுக்குப் பாதுகாப்பும் தர வேணும்.

மூன்றாவது: "தானா மனசு வச்சாத்தான் நிறுத்த முடியும். கோர்ட் சொல்லி யார் திருந்தினான்?" மனசு வேணும், உண்மை. ஆனால் பெரியப்பா மனசு வைத்தாரே! கோயிலில் கயிறு கட்டினாரே! மனசு மட்டும் போதாது என்பதற்குத்தானே வலிப்பு வந்தது. கோர்ட் கட்டளையால் ஒருத்தரை வாசல் வரை கொண்டுவர முடியும். அந்த வாசலுக்கு உள்ளே ஏதாவது இருக்க வேணும். சிகிச்சை இல்லாத ஊரில் சிகிச்சைக்குக் கட்டளை போட்டால் அது இன்னொரு தண்டம். போகாததற்கு இன்னொரு வழக்கு.

அப்ப என்ன வேணும்?

தோட்டத்து டிஸ்பென்சரியில் மாதம் இரண்டு தடவையாவது குடிநோய்க் கிளினிக். டொக்டர் மேலே வரட்டும், நோயாளி கீழே போனது போதும். வைத்திய உதவியாளருக்கும் குடும்பநல உத்தியோகத்தருக்கும் அந்தப் பத்துக் கேள்வியிலும் சின்ன ஆலோசனையிலும் பயிற்சி. தமிழில் பேசுகிற உளவளத்துணையாளர் நியமனம். உளவியல் படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கிற நம்ம பிள்ளைகள் இல்லையா? கிளினிக் நாளுக்குப் பேர் போட வேணும், அதைத் தொழிற்சங்கங்கள் அடுத்த பேச்சுவார்த்தையில் மேசையில் வைக்க வேணும். மாதாமாதம் சந்தா பிடிக்கிறவர்கள், தேர்தல் நேரத்தில் போத்தல் இறக்குகிறவர்களைக் கேள்வி கேட்கவும் வேணும். இதெல்லாம் வந்த பிறகு, நீதவான்மார் 1999ஆம் வருசச் சட்டத்தை எடுத்து, தண்டத்துக்குப் பதிலாகச் சிகிச்சைக் கட்டளை போடட்டும். பணம் எங்கே என்று கேட்டால், 200 பில்லியனைக் காட்டுங்கள். அதில் நம்ம மலையிலிருந்து இறங்கிய காசும் இருக்கிறது.

அதுவரை இதை வாசிக்கிற நீங்கள் செய்யக்கூடிய ஒன்று. உங்கள் லயத்தில் தினமும் குடிக்கிற ஒருத்தர் "நாளையிலிருந்து விடுறேன்" என்று சத்தியம் பண்ணினால், சந்தோசப்படுங்கள், ஆனால் தனியே விடாதீர்கள். கை நடுக்கமோ, வியர்வையோ, தூக்கமின்மையோ தொடங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், எவ்வளவு காலம் குடித்தார் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். பேசுவதற்கு 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் இருக்கிறது. பூசாரியைக் கூப்பிடுவதென்றால் லொறியையும் சேர்த்துக் கூப்பிடுங்கள்.

பெரியப்பா இப்போது மறுபடியும் குடிக்கிறார். கயிறு கையில்தான் இருக்கிறது. "திருப்பி விட்டா திருப்பி பூச்சி வருமோன்னு பயமா இருக்கு" என்று போன மாசம் என்னிடம் சொன்னார். குடியை விடப் பயப்படுகிற மனுசனுக்கு இந்த நாடு தருவதற்கு வைத்திருப்பது தண்டச் சீட்டு மட்டும்தான் என்றால், குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியது அவர் மட்டும் இல்லை.